கலப்பையும் வேலியும்

1789ஆம் ஆண்டு யூலை மாதம் 12ஆம் திகதி. பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியிலே, மெற்ஸ் நகருக்குச் செல்லும் பாதையில், ஆங்கிலேயர் ஒருவர் தமது குதிரையின் களைப்பைக் குறைக்கும்பொருட்டு இறங்கி, நீண்டதொரு மேட்டுவழியில் நடந்துகொண்டிருந்தார். ஏழைப் பெண்ணொருத்தி வழித்துணையாக வந்து சேர்ந்தாள். காலம் மிகவும் கெட்டுவிட்டதென்று அவள் முறையிட்டாள். காரணத்தை அவர் வினவினார். தன் கணவனுக்குத் துண்டு நிலமொன்றும், ஒரு பசுவும், நலிந்த குதிரையொன்றும் மட்டுமே உண்டென்றாள். அவ்வளவே உடைமையாயினும், ஒரு பிரபுவுக்கு 42 இறாத்தல் கோதுமையும் மூன்று கோழிகளும் கொடுக்கவேண்டும். மற்றொரு பிரபுவுக்கு ஓட்ஸ் தானியமும் ஒரு கோழியும் ஒரு காசும் கொடுக்கவேண்டும். இவற்றுக்கு மேலாக அரச வரிகள் வேறு. பிள்ளைகள் ஏழுபேர். பசுவின் பால் இருப்பதனால்தான் அவர்களுக்குக் கூழாவது கிடைக்கிறது. கூனிய முதுகும் சுருங்கிய முகமுமாக நின்ற அவளுக்கு அறுபது எழுபது வயதிருக்குமென்று அவர் எண்ணினார். தனக்கு வயது இருபத்தெட்டு என்றாள் அவள்.

அந்த ஆங்கிலேயரின் பெயர் ஆதர் யங். அவர் புரட்சியைக் காண வந்தவரல்லர். ஏழைகளுக்காக வாதாட வந்தவருமல்லர். பிரெஞ்சு நாட்டின் கமத்தொழிலைப் பார்த்து எழுத வந்தவர். மண்ணின் தன்மை யாது, ஏக்கருக்கு விளைவு எவ்வளவு, ஏரில் எத்தனை மாடுகளைப் பூட்டுகிறார்கள், கூலி எவ்வளவு, இறைச்சியின் விலை என்ன என்பனவே அவர் வழிநெடுகக் கேட்ட கேள்விகள். ஆயினும் கேட்டதை அன்றன்றே எழுதிவைக்கும் பழக்கம் அவரிடம் வேரூன்றியிருந்தது. ஆகவே அப்பெண்ணின் கணக்கும் குறிப்பேட்டில் இடம்பெற்றது. இரண்டு நாட்களின் பின்னர் பாரிஸ் மக்கள் பஸ்தீல் சிறையை வீழ்த்தினர். அப்புரட்சியின் காரணங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பலர், அந்த மேட்டுவழி உரையாடலைப் பின்னர் சான்றாக எடுத்தாண்டனர்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் விவசாயப் புரட்சியை நாம் வகுப்பறைகளில் கற்பிக்கும் முறையொன்று உண்டு. ஜெத்ரோ டல்லின் விதைப்புப் பொறி, டவுன்ஷெண்ட் பிரபுவின் டேர்னிப் கிழங்கு, பேக்வெல்லின் செம்மறியாடு என மூன்று பெயர்களையும் மூன்று பொருள்களையும் மாணவர் மனத்திலே பதித்துவிட்டால் பாடம் முடிந்துவிடுகிறது. கருவி வந்தது; விளைவு பெருகியது; நாடு முன்னேறியது. யாருடைய நிலத்தில் விளைவு பெருகியது, எவர் அந்நிலத்தினின்றும் வெளியேறினர் என்னும் வினாக்கள் பாடத்தின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. அவ்வினாக்களுக்கு விடைகாணப் புகுவோர்க்கு ஆதர் யங்கின் வாழ்வும் எழுத்தும் அரியதொரு சான்றாகும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்காலம் பயணத்தையும் கமத்தொழில் நுட்பத்தையும் பற்றி இடையறாது எழுதியவர் அவர். முன்னேற்றத்தின் பிரசாரகராகத் தொடங்கிய அவரை, ஈற்றிலே அம்முன்னேற்றத்துக்கு எதிரான சாட்சியாக நிறுத்தியது அவருடைய சொந்தக் குறிப்பேடே.

யங் 1741இல் பிறந்தார். தந்தையார் சஃபோக் மாவட்டத்துப் பிராட்ஃபீல்ட் கிராமத்து மதகுரு. பல்கலைக்கழகக் கல்வி யங்குக்குக் கிடைக்கவில்லை. லின் துறைமுகத்து வணிக நிலையமொன்றில் தொழில் பழக அனுப்பப்பட்டார். அது மனத்துக்கு ஒவ்வவில்லை. 1762இல் மாத இதழொன்றைத் தொடங்கினார். அக்காலத்துப் பேரறிஞராகிய சாமுவேல் ஜோன்சனிடம் கட்டுரை கேட்கச் சென்றபொழுது, இம்முயற்சியைக் கைவிடுமாறு அவர் அறிவுரை கூறியனுப்பினார். இதழ் விரைவிலேயே நின்றது. அடுத்த ஆண்டு தாயாரின் நிலத்திலே கமஞ் செய்யத் தொடங்கினார். பரிசோதனைகளுக்குக் குறைவில்லை, வருவாய்தான் இல்லை. பின்னர் எசெக்ஸ் மாவட்டத்தில் அவர் குத்தகைக்கெடுத்த பெருங்கமம் ஒன்று அவரைக் கடனாளியாக்கியது. அதனைப் பொறுப்பேற்றுக் கொள்ளும்படி வேறொரு கமக்காரருக்கு நூறு பவுண் கொடுத்து அவர் விடுபட்டாரென்றும், அக்கமக்காரர் அதே நிலத்தில் செல்வந்தரானாரென்றும் கூறுவர்.

தம் கமத்தில் தோல்வி கண்டவர் பிறர் கமங்களைப் பார்க்கப் புறப்பட்டார். 1768இல் இங்கிலாந்தின் தென் மாவட்டங்களில் ஆறு வாரம் செய்த பயணத்தைப் பற்றிய நூல் வெளிவந்தது. 1770இல் வட மாவட்டப் பயண நூலும், 1771இல் கீழ் மாவட்டப் பயண நூலும் தொடர்ந்தன. அதற்கு முன்னரும் பயண நூல்கள் இருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் மாளிகைகளையும் தேவாலயங்களையும் இயற்கைக் காட்சிகளையும் வருணித்தவை. யங்கோ மாளிகையைப் பார்த்தபின் அதன் பின்புறத்து வயலுக்கும் சென்றார். கலப்பையின் அமைப்பை விசாரித்தார். ஒரு நாளில் எத்தனை ஏக்கர் உழமுடியும் என்று கணக்கிட்டார். கூலியையும் பாண் விலையையும் பக்கம் பக்கமாக அட்டவணைப்படுத்தினார். ஊருக்கூர் வேறுபடும் அளவைகளை ஒரே அளவைக்கு மாற்றி ஒப்புநோக்கினார். ஒரு நாட்டின் உற்பத்தியை நேரிற் சென்று, கேட்டு, எண்ணி அறியும் முறையினை வளர்த்தவர்களுள் அவர் முதன்மையானவர் எனலாம்.

அப்பயணங்களில் அவரை மிகவும் கவர்ந்தது நோர்ஃபோக் மாவட்டத்துப் பயிர்ச்சுழற்சி முறையாகும். பழைய முறையிலே நிலத்தில் ஒரு பகுதி ஆண்டுதோறும் தரிசாகக் கிடக்கும். புதிய முறையில் முதலாண்டு கோதுமை, இரண்டாமாண்டு டேர்னிப், மூன்றாமாண்டு வாற்கோதுமை, நான்காமாண்டு குளோவர்ப் புல் எனப் பயிர்கள் மாறிமாறி வந்தன. டேர்னிப் கிழங்கு மாரிகாலத்தில் கால்நடைக்கு உணவாயிற்று. கால்நடை பெருக எருவும் பெருகியது. குளோவர் அவரையினத்தைச் சேர்ந்ததாதலால் அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணிலே சேர்த்தன. அக்காலத்தார் இக்காரணத்தை அறியாராயினும் பயனை அறிந்திருந்தனர். தரிசு ஒழிந்தது, தானியம் பெருகியது. நுட்பம் என்ற அளவில் இது மனித அறிவின் பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆனால் யங் நுட்பத்தோடு நிற்கவில்லை. இம்மாற்றம் பெருங்கமங்களிலேதான் சாத்தியமாகும், பொது நிலங்களை வேலியிட்டு அடைத்துத் தனியுடைமையாக்கினாலன்றி நாடு முன்னேறாது என்ற முடிவுக்கும் வந்தார். கிராமப் பொதுநிலத்தை அவர் வீணான நிலமென்றே கருதினார். உழைக்கும் மக்களைப் பற்றிய அவரது அக்காலக் கருத்து கொடுமையானது. கீழ்நிலை மக்களை வறுமையிலே வைத்திருந்தாலன்றி அவர்கள் உழைக்கமாட்டார்கள், இது மூடனைத் தவிர எல்லோரும் அறிந்தது என்ற கருத்தினை 1771ஆம் ஆண்டு நூலில் அவர் கூசாது எழுதினார். அவருக்கு மட்டுமே உரிய கொள்கையன்று அது. அவர் பழகிய வர்க்கத்தின் பொதுக்கொள்கை. யங்கின் சிறப்பு, அக்கொள்கையுடன் பயணம் செய்தபோதும் கண்டதை மறைக்காமையே ஆகும்.

1776இல் அயர்லாந்துக்குச் சென்றார். 1779வரை அந்நாட்டுடன் அவருக்குத் தொடர்பிருந்தது. அதில் ஒரு பகுதியைக் கோர்க் மாவட்டத்து மிச்சல்ஸ்டவுனில் கிங்ஸ்பரோ பிரபுவின் நிலமேற்பார்வையாளராகக் கழித்தார். அங்கே நிலப்பிரபுவுக்கும் உழவனுக்கும் இடையில் இடைக்குத்தகையாளர் என்றொரு கூட்டம் இருந்தது. மொத்தமாக நிலத்தைக் குத்தகைக்கெடுத்துத் துண்டு துண்டாக உயர்ந்த வாடகைக்கு விடுவதே அவர்களின் தொழில். உழுபவனுக்கே நேரடியாகக் குத்தகை கொடுக்கவேண்டுமென்று யங் ஆலோசனை கூறினார். அவரது பதவி நீடிக்கவில்லை. கத்தோலிக்கக் குடியானவனைச் சாட்டையால் அடிக்கவும் நிலப்பிரபுவுக்குத் தடையில்லாதிருந்த நிலையை அவர் கண்டித்தெழுதினார். சோம்பேறிகளென்று தூற்றப்பட்ட அம்மக்கள், உழைப்பின் பயன் தமக்குக் கிட்டாதென்பதை அறிந்தமையாலேயே ஊக்கமிழந்தனர் என்பது அவர் எழுத்திலிருந்து நாம் பெறும் உண்மை. நாடு திரும்புகையில் நாட்குறிப்புகளும் மண் மாதிரிகளும் அடங்கிய பெட்டி திருட்டுப் போயிற்று. எஞ்சிய குறிப்புகளைக்கொண்டு 1780இல் அயர்லாந்துப் பயண நூலை வெளியிட்டார். குறிப்பை நம்பி வாழும் எழுத்தாளனுக்கு அது எத்தகைய இழப்பென்பதை விளக்கவேண்டியதில்லை.

1784இல் யங் தமது வாழ்வின் பெரும்பணியைத் தொடங்கினார். ‘அனல்ஸ் ஒவ் அக்ரிகல்சர்’, அதாவது ‘கமத்தொழில் ஆண்டேடு’ என்னும் வெளியீடே அது. 1808வரை 45 தொகுதிகள் வெளிவந்தன. இறுதியாக 46ஆம் தொகுதி 1815இல் வந்தது. அதில் கணிசமான பகுதியை அவரே எழுதினார். கலப்பைகளின் போட்டி, ஆட்டுமயிரின் விலை, விதைப்புப் பரிசோதனை, எருவகைகள், தாம் சென்று வந்த கற்றலோனியா முதலிய நாடுகளின் பயணத்தொடர் என யாவும் அதில் இடம்பெற்றன. விற்பனை சிறிதே; ஆனால் வாசித்தவர்கள் செல்வாக்குடையோர். 1787இல் றால்ஃப் றொபின்சன் என்ற பெயரில் இரு கடிதங்கள் வெளிவந்தன. அப்பெயர் வின்சர் அரண்மனைப் பண்ணையிலிருந்த ஆட்டிடையன் ஒருவனுடையது. எழுதியவரோ மூன்றாம் ஜோர்ஜ் மன்னர். அமெரிக்காவிலிருந்து ஜோர்ஜ் வாஷிங்டன் 1786 முதல் யங்குடன் கடிதத் தொடர்பு கொண்டார். கலப்பைகளையும் விதைகளையும் களஞ்சியமொன்றின் அமைப்புப் படத்தையும் யங் அனுப்பிவைத்தார். அக்களஞ்சியம் மவுண்ட் வேர்ணனிலே எழுந்தது. எழுப்பிய கைகள் அடிமைகளின் கைகள்.

இந்நிகழ்ச்சி ஆழ்ந்து நோக்கத்தக்கது. அரசனைத் தோற்கடித்த குடியரசுத் தலைவரும், தோற்ற அரசனும் ஒரே ஏட்டின் ஆதரவாளர்களாக விளங்கினர். கலப்பை இருவருக்கும் பொதுவாயிற்று. நுட்பம் எல்லைகளைக் கடந்து செல்லும் இயல்புடையது. ஆனால் அது சென்றடையும் இடத்தில் நிலம் யாருடையது, உழைப்பு யாருடையது என்பதை அந்நுட்பம் தானாக மாற்றிவிடுவதில்லை. அரசரும் பிரபுக்களும் மதகுருமாரும் பெருங்கமக்காரரும் ஆண்டேட்டுக்கு எழுதினர். கூலியாள் அதில் பெரும்பாலும் கூலி என்ற எண்ணாகவே தோன்றினான்.

யங்கின் புகழை நிலைநாட்டியது 1792இல் வெளிவந்த பிரெஞ்சுப் பயண நூலாகும். 1787, 1788, 1789 ஆகிய ஆண்டுகளில் மூன்றுமுறை அவர் பிரான்சைச் சுற்றினார். அந்நூலில் நுட்பமும் சமூகமும் அடுத்தடுத்து நிற்கும் பக்கங்கள் பல. 1787ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதிக் குறிப்பை எடுத்துக்கொள்வோம். அன்று பாரிஸ் நகரிலே இரசாயன அறிஞர் லவோசியேயின் ஆய்வுகூடத்தை யங் கண்டு வியந்தார். மாலையில் லோமோன் என்னும் பொறிவினைஞரின் வீட்டுக்குச் சென்றார். யங் தாளில் எழுதிக் கொடுத்த சில சொற்களை லோமோன் ஓர் அறையிலிருந்து மின்கம்பி மூலம் அனுப்ப, அவருடைய மனைவி மற்றோர் அறையிலிருந்து சிறு நெட்டிப்பந்தொன்றின் அசைவுகளைக் கொண்டே அச்சொற்களை எழுதிக்காட்டினார். கம்பி எவ்வளவு நீளமாயினும் வேறுபாடில்லையாதலால் எத்துணைத் தொலைவுக்கும் இவ்வாறு செய்தி அனுப்பலாமென்று யங் குறித்தார். மின்தந்தி நடைமுறைக்கு வந்தது 1837இல். அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு கமத்தொழில் எழுத்தாளரின் ஏட்டிலே அது பதிவாகிவிட்டது.

அத்தகைய அறிவு தலைநகரத்து அறையொன்றில் இருந்தது. நாட்டுப்புறத்தின் நிலையோ வேறு. 1789 யூலையில், தேசமே கொந்தளித்துக்கொண்டிருந்த வேளையில், ஷாத்தோ தியெரி என்னும் ஊரில் ஒரு செய்தித்தாளைத்தானும் யங்கினாற் பெறமுடியவில்லை. செய்தியில்லாத இடத்தை வதந்தி நிரப்பியது. பெருஞ்சாலைகள் அழகும் உறுதியும் வாய்ந்திருந்தன. அவற்றிலே போக்குவரத்துத்தான் இல்லை. இலங்கையில் 1833இல் ஒழிக்கப்பட்ட இராசகாரியத்தை ஒத்த ஊதியமற்ற கட்டாய ஊழியத்தைக்கொண்டு அச்சாலைகள் அமைக்கப்பட்டன. அமைத்த குடியானவனிடம் அச்சாலையிற் கொண்டுசென்று விற்கப் பண்டமில்லை. லவோசியேயின் விலையுயர்ந்த கருவிகளுக்கு உதவிய செல்வத்திலும், அரச வரிகளை வசூலிக்கும் குத்தகையில் அவருக்கிருந்த பங்கின் வருவாய் சேர்ந்திருந்தது. அக்காரணத்தாலேயே 1794இல் அவர் கொலைத்தண்டனை பெற்றார். மேதையொருவரின் அழிவு வருந்தத்தக்கது. ஆனால் மேட்டுவழியிற் சந்தித்த பெண் செலுத்திய வரிகளையும் பாரிஸ் ஆய்வுகூடத்தையும் ஒரே சமூக அமைப்பின் இரு முனைகளாகக் காணாதவரை அக்காலத்தை நாம் விளங்கிக்கொள்ள முடியாது.

தெற்கே கங்ஷ் என்னும் ஊரின் அயலில் வேறொரு காட்சி யங்கைத் திகைப்பித்தது. பாறை நிறைந்த நிலத்தில் ஏழைகள் தமக்கெனச் சிறுதுண்டுகளை அடைத்து ஒலிவமும் முசுக்கட்டையும் திராட்சையும் வளர்த்திருந்தனர். நிலம் தன்னுடையதென்ற உறுதி உழைப்பவனுக்கு இருக்குமாயின் பாறையும் பயன்தருமென்பதை அவர் கண்டார். வெளிப்படையாகப் பாராட்டியும் எழுதினார். பெருங்கமமே முன்னேற்றத்துக்கு வழி என்ற அவரது கோட்பாட்டுக்கு அக்காட்சி நேர்முரணானது. கோட்பாட்டை அவர் அன்று கைவிடவில்லை; காட்சியை அழித்துவிடவுமில்லை. இரண்டும் ஒரே நூலிலே இருந்தன.

புரட்சி முன்சென்றபோது யங் பின்வாங்கினார். 1793இல் பிரான்சைப் பார்த்துப் பிரித்தானியா எச்சரிக்கையடைய வேண்டுமென்று நூலெழுதினார். அதே ஆண்டில் பிரதமர் பிற் கமத்தொழிற் சபையை நிறுவினார். யங் அதன் செயலாளரானார். ஆண்டுச் சம்பளம் 400 பவுண். புரட்சியை வெறுத்தமைக்குக் கிடைத்த பரிசு அதுவென எதிராளிகள் குறைகூறினர். பிரபுக்களின் வேட்டைக்காடுகளையும் தரிசுகளையும் வன்மையாகக் கண்டித்த எழுத்தாளர், இங்கிலாந்தின் நிலப்பிரபுக்கள் கூடிய சபையின் ஊழியரானார். அவரது வர்க்கநிலை அவரைக் கொண்டுசென்று சேர்த்த இடம் அது.

இங்கே வேலியடைப்பு என்பது யாதென விளக்குதல் பொருத்தமாகும். பழைய ஆங்கிலக் கிராமத்திலே விளைநிலம் நீண்ட கீற்றுகளாகப் பிரிந்து கிடந்தது. அதற்கப்பால் பொது மேய்ச்சல்தரையும் பற்றைக்காடும் இருந்தன. நிலமற்ற குடிசைவாசியும் அங்கே ஒரு பசுவையோ சில வாத்துகளையோ மேய்க்கலாம். அடுப்புக்கு விறகும் புற்கரியும் எடுக்கலாம். நிலத்தின் பெரும்பகுதிக்கு உடையவர்கள் பாராளுமன்றத்துக்கு மனுச்செய்து சட்டமொன்றைப் பெற்றால், ஆணையாளர் வந்து அனைத்தையும் அளந்து உரிமையாளர்களுக்குப் பங்கிட்டனர். உரிமைக்கு ஆவணம் காட்ட இயலாதவனுக்கு ஒன்றுமில்லை. குடிசையில் வாடகைக்கிருந்தவனுக்குரிய பங்கு குடிசையின் சொந்தக்காரனுக்குச் சென்றது. சிறுபங்கு பெற்றவனும் வேலிச்செலவையும் சட்டச்செலவையும் தாங்கமாட்டாது அதனை விற்றான். 1604க்கும் 1914க்கும் இடையே இத்தகைய சட்டங்கள் 5,200க்கு மேல் நிறைவேறின. அடைக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர். அச்சட்டங்களின் வேகம் உச்சத்தை அடைந்தது யங்கின் வாழ்நாளிலேயே. முப்பது ஆண்டுகளாக அதற்குரிய நியாயங்களை எழுதி வந்தவரும் அவரே.

1795இலும் 1800இலும் விளைச்சல் குன்றியது. பாண் விலை தாங்கமுடியாதபடி ஏறியது. நோர்ஃபோக் முறையும் புதிய கலப்பைகளும் நிறைந்த நாட்டில் உழைப்பாளர் தருமநிதியை நாடி வரிசையில் நின்றனர். 1797இல் பதினான்கு வயது மகளை இழந்து துயரத்தில் ஆழ்ந்திருந்த யங், சமயப்பற்று மிக்கவராக மாறியிருந்தார். ஏழைகள்மீது அவருக்கெழுந்த இரக்கத்துக்கு இதனையே காரணமாகச் சிலர் காட்டுவர். துயரம் அவர் மனத்தை இளக்கியிருக்கலாம். ஆனால் அவருடைய வாதத்தை உருவாக்கியது கண்ணீரன்று, கணக்கே. 1800ஆம் ஆண்டில் அடைக்கப்பட்ட கிராமங்களுக்கு அவர் மீண்டும் சென்றார். இம்முறை கேள்வி சற்று மாறியது. விளைவு எவ்வளவு என்பதோடு, முன்பு இங்கே ஏழைகளிடம் எத்தனை பசுக்கள் இருந்தன, இப்பொழுது எத்தனை உள்ளன என்றும் கேட்டார். விடை ஊருக்கு ஊர் ஒன்றாகவே இருந்தது. லிங்கன், றட்லண்ட் மாவட்டங்களில் பசுவும் சிறுநிலமும் இழக்காத உழைப்பாளர், அப்பஞ்ச காலத்திலும் தருமநிதியை நாடவில்லை என்பதையும் கண்டார்.

1801இல் தமது முடிவினை வெளியிட்டார். இருபது அடைப்புச் சட்டங்களில் பத்தொன்பது ஏழைகளுக்குத் தீங்கிழைத்தன என்பதே அவர் கூற்றின் சாரம். பாராளுமன்றம் சொத்துரிமையின் காவலனென்று சொல்லப்படுவதை ஏழை எவ்வாறு நம்புவான் என்று அவர் சிந்தித்தார். ஏழைக்குத் தெரிந்ததெல்லாம் தன் பசு முன்பு இருந்ததும், சட்டம் வந்தபின் இல்லாதுபோனதுமே. எஞ்சிய தரிசு நிலங்களையேனும் ஏழைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்து, பசு மேயப் புல்நிலமும் உருளைக்கிழங்கு பயிரிட நிலமும் கொடுக்கவேண்டும் என்பது அவர் முன்வைத்த திட்டம். வறுமையே உழைப்புக்குத் தூண்டுகோல் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய அதே கை, உடைமையே உழைப்புக்குத் தூண்டுகோல் என்று இப்பொழுது எழுதியது.

கமத்தொழிற் சபை அவ்வறிக்கையைத் தனது கருத்தாக வெளியிட விரும்பவில்லை. யங் தமது பெயரிலேயே வெளியிட்டார்; ஆண்டேட்டிலும் சேர்த்தார். அதே 1801இல் பாராளுமன்றம் வேலியடைப்பு நடைமுறைகளை மேலும் இலகுவாக்கும் பொதுச்சட்டமொன்றை நிறைவேற்றியது. பெருங்கமத்தின் நன்மைகளை யங் எழுதியபொழுது செவிசாய்த்தவர்கள், பசுக்களின் கணக்கை எழுதியபொழுது செவிசாய்க்கவில்லை. அவர்கள் வேண்டியது அவருடைய ஆய்வுமுறையை அன்று. தமக்கு உகந்த முடிவுகளையே.

எஞ்சிய ஆண்டுகள் துயரமானவை. யங்கின் கண்பார்வை மங்கியது. 1811இல் செய்யப்பட்ட சத்திரசிகிச்சை பயனளிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் பார்த்து எழுதியவர் பார்வையின்றி எழுத்தைத் தொடர்ந்தார். 1820இல் இலண்டனில் காலமானார்; இறக்கும்வரை சபையின் செயலாளராகவே இருந்தார். 1822இல் சபையும் கலைக்கப்பட்டது.

யங்கைப் போற்றுவது எமது நோக்கமன்று. மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ நூலில் யங்கை எடுத்தாளுகிறார். ஆனால் அவரது புகழுக்கேற்ற தகுதி அவரிடமில்லை என்றே மதிப்பிடுகிறார். அம்மதிப்பீட்டில் நியாயமுண்டு. தீமையைக் கண்ட யங், அதைச் செய்தவர்களிடமே பரிகாரத்தை வேண்டினார். பிரபுக்களின் மனம் தகவல்களால் மாறுமென்று நம்பினார். கிராம மக்கள் தாமாக ஒன்றுதிரண்டு தமது உரிமையைக் காக்கலாம் என்ற எண்ணமே அவருக்கு அச்சமூட்டியது. 1793ஆம் ஆண்டு நூல் அதற்குச் சான்று. எனினும் 1911இல் ஹமண்ட் தம்பதியர் இங்கிலாந்துக் கிராமத் தொழிலாளரின் வரலாற்றை எழுதியபொழுது, யங் திரட்டிய செய்திகள் அவர்களுக்குத் துணையாயின. தோற்றவர்களின் வரலாற்றை எழுதுவதற்கு, வென்றவர்களின் ஊழியர் ஒருவர் விட்டுச்சென்ற நேர்மையான கணக்கும் பயன்பட்டது.

யங் இலங்கையைப் பற்றி எழுதியவரல்லர். ஆயினும் வீணான நிலம் என்னும் சொல் கடல் கடந்து இங்கும் வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியதென்று கொண்டது. விட்டுவிட்டுப் பயிரிடப்பட்ட சேனைக்கும், மாடு மேய்ந்த தரைக்கும் எந்தக் கிராமத்தவரிடம் உறுதிப்பத்திரம் இருக்கும்? கோப்பித் தோட்டம் பரந்தது. மலைநாட்டுக் கிராமத்தின் எல்லை சுருங்கியது. அத்தோட்டங்களில் உழைக்கவென்று தென்னிந்தியாவிலிருந்து நிலமற்ற தமிழ் மக்கள் கொண்டுவரப்பட்டனர். ஒரு மக்கள் கூட்டத்திடமிருந்து நிலம் எடுக்கப்பட்டது. மற்றொரு மக்கள் கூட்டத்துக்கு நிலம் கொடுக்கப்படவில்லை. இரு சாராரும் ஒருவரையொருவர் குறைகூறும்படி விடப்பட்டனர். இங்கிலாந்துக் கிராமத்தில் வேலியிட்ட அதே தருக்கம் இங்கு தேயிலை மலைகள்வரை நீண்டதென்பதை நம் மாணவர் அறியவேண்டும்.

நமது காலத்திலும் புதிய விதையும் புதிய பொறியும் புதிய செய்திக்கருவியும் வந்தவண்ணமே இருக்கின்றன. அவற்றை வெறுப்பது பேதைமை. நோர்ஃபோக் வயலில் விளைந்த கோதுமை மெய்யான கோதுமையே. ஆனால் அவற்றைப் பற்றி எழுதுவோர் கேட்கவேண்டிய கேள்வியை யங் தமது அறுபதாவது வயதை அணுகும்போதுதான் கேட்டார். நமது மாணவர் அதனைப் பதினாறாவது வயதிலேயே கேட்கப் பழகவேண்டும். விளைவு எவ்வளவு என்பது முதற் கேள்வி. அந்த விளைவு வருமுன் இங்கே எவரிடம் பசு இருந்தது, அது இப்பொழுது எங்கே என்பது இரண்டாவது கேள்வி. மெற்ஸ் பாதையில் நடந்த பெண்ணிடம் வரி போக எஞ்சியது ஒரு பசு. இங்கிலாந்துக் குடிசைவாசியிடம் வேலி போக எஞ்சியது அதுவுமில்லை.